மூன்று மாதம் முடிந்த கையோடு

கேள்வி: வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் மகன் என் சித்தப்பாவின் கையை அரிவாளால் வெட்டிவிட்டான். மூன்று மாதம் முடிந்த கையோடு ஜாமீனில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். சித்தப்பாவால் இன்னும் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை. "முதல் குற்றம், அதான் விட்டுட்டாங்க" என்கிறார்கள். வெட்டு, குத்து வழக்குகளில் தீர்ப்பு வரும்வரை ஜாமீனே கிடையாது என்று சட்டம் போட்டால் என்ன?
(ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: சோற்றைப் பிசைய முடியவில்லை என்ற வரியைத் தாண்டி வர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால், அது தவறான வாசலில் போய் நிற்கிறது.

முதல் குற்றத்துக்குச் சலுகை இருப்பது உண்மை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு அது. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விடவேண்டும். ஆனால், ஆயுள் தண்டனைக்கு இடமுள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது. அரிவாளால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஆயுள் வரை போகலாம். எனவே ஊரில் சொல்லும் காரணம் சரியாக இருக்க வாய்ப்பில்லை.

"மூன்று மாதம் முடிந்த கையோடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தகைய வழக்கில் ரிமாண்ட் செய்து, அதாவது கோர்ட் உத்தரவில் காவலில் வைத்து, 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதன்பின் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. காயம் எவ்வளவு பெரியது என்று பார்த்து நீதிபதி மறுக்க முடியாது. காயச் சான்றிதழ் வரவில்லை, ஆய்வக அறிக்கை வரவில்லை என்று போலீஸ்காரர்கள் ஏதாவது காரணம் சொல்வார்கள். அவன் வெளியே வந்தது இந்த வழியில்தான் என்றால், நீங்கள் கோபப்பட வேண்டியது கோர்ட்டின் மீதல்ல, ஸ்டேஷன் மீது.

ஜாமீனே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். மஞ்சள் பையில், பாலிதீன் உறையில் பத்திரமாகச் சுற்றிய வீட்டு வரி ரசீது. ஜாமீன்தாரராக நிற்கச் சம்மதித்த தூரத்து உறவுக்காரருடையது. திருவிழா அடிதடி வழக்கில் மகன் ஏழாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாவது ஆள், கூட நின்றவன். ஜாமீன் உத்தரவாகி நாற்பது நாளாகியும் இரண்டாவது ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடந்தான். ரசீது தந்தவர் அன்றைக்கும் வரவில்லை. அந்த அம்மா சாயங்காலம் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. நீங்கள் கேட்கும் சட்டம் வந்தால் அந்த ஏழாவது எதிரியும் வருடக்கணக்கில் உள்ளேதான். அதை விடுங்கள், வரப்புத் தகராறில் கவுண்ட்டர் கேஸ் இல்லாமல் இருக்குமா? "அவர்தான் முதலில் மண்வெட்டியை ஓங்கினார்" என்று எதிர்த்தரப்பு ஒரு புகார் எழுதிக் கொடுத்தால், கட்டுப்போட்ட கையோடு உங்கள் சித்தப்பாவும் அதே சிறைக்குப் போவார்.

உங்களுக்கும் வழி இருக்கிறது. லக்கிம்பூர் கேரியில் 2021இல் விவசாயிகள் மீது கார் ஏற்றிய வழக்கில், அமைச்சர் மகனுக்கு உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். உங்கள் சித்தப்பாவுக்கும் அந்தக் குரல் உண்டு. டீக்கடையில் உட்கார்ந்திருப்பதற்காக ஜாமீனை ரத்து செய்ய மாட்டார்கள். மிரட்டினால், சாட்சிகளிடம் பேச்சுக் கொடுத்தால் செய்வார்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அதை வைத்து செஷன்ஸ் கோர்ட்டில் ரத்து மனு போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

அதற்கு முன், குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில் தாக்கலானது, இன்னும் ஆகவில்லையா என்று விசாரியுங்கள். தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.