தொட்டிச் செடியில் செதில் பூச்சி: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): அண்ணா, தொட்டி எலுமிச்சையின் தண்டு முழுக்கப் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறது. வேப்பெண்ணெய் ஒரு தடவை அடித்தும் போகவில்லை. நோயா?

பதில்: நோய் இல்லைங்க, செதில் பூச்சி. ஒன்றை நகத்தால் பெயர்த்து நசுக்குங்கள். ஈரம் கசிந்தால் உயிரோடு இருக்கிறது, பொருக்காக உதிர்ந்தால் செத்தது. செத்த பிறகும் ஓடு அங்கேயே ஒட்டியிருக்கும். மருந்து கேட்கவில்லை என்று பலர் நினைப்பது அதனால்தான். ஓட்டுக்குள் இருக்கும் தாய்ப்பூச்சியிடம் மருந்து அவ்வளவாகப் போகாது. ஓடு வளராமல் ஊர்ந்து இடம் தேடும் குஞ்சுகள்தான் சாகும். தண்டில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றிவிடுங்கள். மஞ்சள் தூள் மாதிரி ஏதாவது ஒட்டினால் குஞ்சு கிளம்பிவிட்டது, மருந்து அடிக்க அதுதான் சமயம்.

முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தெடுங்கள். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம். சித்திரை வெயிலில் பகலில் அடித்தால் இலை கருகிவிடும்.

கேள்வி (திருப்பூர்): செம்பருத்தி இலையில் கரி பூசினாற்போல் இருக்கிறது. எறும்பும் ஏறுகிறது. எறும்பு பூச்சியைத் தின்றுவிடாதா?

பதில்: எங்கே தின்பது, காவல் காக்கும்! பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் ஏறுகிறது, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும். இலையில் வழிந்த அந்த நீரில் வளர்வதுதான் கரும்பூசணம். ஈரத்துணியால் துடையுங்கள். தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். கிளை சுவரில் உரசினால் எறும்புக்கு அதுவே பாலம்.

கேள்வி (கோபி): கறிவேப்பிலைக்கு ஊடுருவும் மருந்து ஊற்றலாமா?

பதில்: ரசத்துக்குக் கிள்ளும் செடிக்கு வேண்டாம், அந்த மருந்து இலைக்குள்ளும் ஏறிவிடும். மோசமான கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். தழைத்து வரும்.

கேள்வி (பொள்ளாச்சி): எங்கள் செடியில் ஓடு இல்லை, பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறதுங்க.

பதில்: அது மாவுப்பூச்சி, செதில் பூச்சிக்குப் பங்காளி. 2008இல் கோவையில் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளியை எல்லாம் படுத்திய பாடு நம் பக்கத்து விவசாயிகளுக்கு மறக்காது. 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. தொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மிச்சத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு நூலோடு இதே மாதிரிதான் தெரியும். உருவில் பெரிதாக, விறுவிறுவென்று நடந்தால் அதை விட்டுவிடுங்கள்.