ஓ பேர் ஆகப் போகும் மாணவர்களுக்கு: கேள்வி பதில்

கல்லூரிப் படிப்பின் நடுவே ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் ஒரு குடும்பத்துடன் தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓ பேராக (au pair) இருந்தவள் நான். வீட்டில் இரண்டு பையன்கள். ஒருவனுக்கு மூன்று வயது, இன்னொருவனுக்கு ஆறு. போக நினைக்கும் மாணவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓ பேர் என்றால் வீட்டு வேலைக்கு ஆள் போவதுதானே என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்வது அக்கா?

அம்மாவின் பயம் நியாயமானது. அதை அலட்சியம் செய்யாதீர்கள். 'ஓ பேர்' என்பது பிரெஞ்சுச் சொல், 'சமமாக' என்று பொருள். வீட்டில் ஒருவராக இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள், சின்னச் சின்ன வேலைகளில் கைகொடுக்கிறீர்கள். பதிலுக்குத் தனி அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம், மொழி படிக்க நேரம். 1969-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை, ஓ பேரை மாணவர் என்றும் சொல்லவில்லை, தொழிலாளி என்றும் சொல்லவில்லை. இரண்டின் தன்மையும் உள்ள தனி வகை என்றது. வருகிற சிக்கல்கள் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்துதான் வருகின்றன. எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படச் சொல்லி எல்லோரையும் நச்சரிப்பது அதனால்தான்.

பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். படித்துக்கொண்டே போகலாமா?

ஜெர்மனியில் ஓ பேர் விசா தனி, மாணவர் விசா தனி. ஓ பேராக இருக்கும்போது மொழி வகுப்புக்குத்தான் இடம் உண்டு. பல்கலைக்கழகப் படிப்பை அதில் நுழைக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளும் உங்களுக்குத் தேர்வு வரும் நாளும் ஒன்றாகவே வரும். கல்லூரியில் ஓராண்டு விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 18 நிறைந்திருக்க வேண்டும், 27 நிறைந்திருக்கக் கூடாது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஓராண்டு. இரண்டாம் முறை கிடையாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே படிப்பும் திட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் வழக்கமான திட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். படிப்புக்கு அதிக இடம் தரும் 'எஜுகேர்' என்ற பிரிவில் உச்சவரம்பு 30 மணி நேரம். படிப்புதான் முக்கியம் என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கைக்கு எவ்வளவு வரும்? வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா?

ஜெர்மனியில் மாதம் 280 யூரோ. அதற்கு மேல் மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ வரை குடும்பம் தர வேண்டும். காப்பீடும் அவர்கள் பொறுப்பு. போய்வரும் பயணச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு இதில் மிச்சம் பிடிக்க முடியாது. கடன் வாங்கிக்கொண்டு போய் இந்தப் பணத்தில் அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் சித்தி தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை ஓ பேராக அழைக்கிறார். நல்ல வாய்ப்புதானே?

விசா கிடைக்காது. உறவினர் வீட்டுக்கு ஓ பேராகப் போக முடியாது. வீட்டில் பேசும் மொழியும் ஜெர்மனாக இருக்க வேண்டும். பெற்றோரின் தாய்மொழி வேறாக இருந்து வீட்டில் ஜெர்மன் பேசினாலும், அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்து ஓ பேரை அழைக்க அனுமதி இல்லை. மொழியும் வேறொரு வாழ்க்கையும் கற்றுக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்பதால் இந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. விண்ணப்பிக்கும்போதே உங்களுக்கு ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு முகவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் உள்ள முகவர் ஓ பேரிடம் வாங்கக்கூடிய உச்சத் தொகை 150 யூரோ. நேரடியாக எழுதும் 'குடும்பம்' விசாவுக்கென்று முன்பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. உண்மையான குடும்பம் உங்களிடம் பணம் கேட்காது. காணொளி அழைப்பில் பிள்ளைகளையும் உங்கள் அறையையும் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே அங்கு இருந்த ஓ பேரிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் எப்போதும் என்னிடமே இருக்கிறார்கள். எதை வேலை நேரமாகக் கணக்கிடுவது?

இதுதான் எல்லோரும் இடறி விழும் இடம். ஜெர்மனியின் விதி சொல்வது: நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு 30. இரவில் பெற்றோர் வெளியே போக, பிள்ளைகள் தூங்க, நீங்கள் வீட்டில் காவல் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, நான்கு மாலைகள் உங்களுக்கு.

முதல் மாதம் எனக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. "ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்" என்று அந்த அம்மா சமையலறைக்குப் போவார். ஐந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆகும். கெட்ட மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதர். மொழி வகுப்புக்கு இரண்டு முறை பிந்திப் போனேன். பிறகு ஒரு சிறு நோட்டு வாங்கி, பையன்கள் என் பொறுப்பில் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் குறிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தால் 38 மணி நேரம். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்தேன். கை நடுங்கியது. அவர் மௌனமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்; கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது: என் நேரம் பச்சை, அவர்கள் நேரம் நீலம்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாரத்திலேயே எழுத ஆரம்பியுங்கள். மூன்று மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டால் அவர்களுக்கு அது பழக்கமாகிவிட்டிருக்கும், உங்களுக்கோ கோபம் முற்றியிருக்கும்.

ஜன்னல் துடைப்பது, தோட்டம் வெட்டுவது, பாட்டியைக் குளிப்பாட்டுவது எல்லாம் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

மறுக்கலாம். பிள்ளைகளின் துணி, அவர்களுக்கான எளிய சமையல், சாப்பிட்ட இடத்தை ஒழுங்குபடுத்துவது ஆகியவை உங்கள் வேலை. பெரிய துப்புரவும் முதியோரைப் பராமரிப்பதும் உங்கள் வேலை அல்ல. பேசியும் மாறவில்லை என்றால் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தோடு விலகலாம்; வழக்கமாக அது இரண்டு வாரம். முகவர் வேறு குடும்பம் தேடித் தரலாம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே தெரியப்படுத்துங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஆபத்து என்றால் காவல்துறையின் 110-ஐ அழையுங்கள்.

என் ஜெர்மனைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சொன்ன பேச்சையும் கேட்பதில்லை.

சிரிக்கட்டும். மூத்தவன் என்னிடம் நெருங்கியதே அப்படித்தான். நான் "டேர் யாக்கெ" என்பேன், "டீ யாக்கெ!" என்று திருத்துவான். சட்டைக்கு மேல் போடும் ஜாக்கெட் அந்த மொழியில் பெண்பால் என்பதை ஆறு வயது ஆசிரியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். திருத்தும்படி நானே கேட்கத் தொடங்கியதும் அவனுக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது.

சின்னவனுக்குப் பேச்சு பலிக்கவில்லை. பனிக்கால முழு உடையைப் போட மாட்டேன் என்று தினமும் காலையில் தரையில் புரளுவான். ஒருநாள் உடையை விரித்துத் தரையில் போட்டு, அதன் நடுவில் அவனை உட்கார வைத்தேன். முதலில் கால்கள், பிறகு கைகள், கடைசியில் ஜிப்பை அவனே மேலே இழுத்தான். அதன் பிறகு அழுகை இல்லை. அந்த வயதுக்கு நீண்ட வாக்கியம் தேவையில்லை. இரண்டு சொல்லும், அவன் தானாகச் செய்ய ஒரு வேலையும் போதும்.

பையன்கள் ஓ பேராகப் போகலாமா?

தாராளமாக.

ஓராண்டு முடிந்ததும் அங்கேயே படிக்க முடியுமா?

தனியாக விண்ணப்பிக்க வேண்டும்: கல்லூரி அனுமதி, மொழித் தகுதி, பணத்துக்கான சான்று. முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை. ஓ பேர் பணத்தில் இதைச் சேர்க்க முடியாது என்பதால் குடும்பத்தோடு முன்பே பேசிவையுங்கள். அந்த ஆண்டில் சேர்க்கக்கூடியது மொழிதான். காலையில் பையன்கள் பள்ளிக்கும் மழலையர் பள்ளிக்கும் போன பிறகு கிடைக்கும் நான்கு மணி நேரத்தை அறைக்குள் தூங்கிக் கழிக்காமல் வகுப்புக்குப் போனேன். ஏ1-இல் போனவள் அதைவிட இரண்டு படி மேலான பி1 தேர்வு எழுதிவிட்டுத் திரும்பினேன்.