ஆந்தை முத்திரை இருந்தால் அசல்தானா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். பழம்பொருள் கடை ஒன்றில் நீல எனாமல் போட்ட, முட்டை வடிவத் தங்க மூக்குப்பொடி டப்பி ஒன்று பார்த்தேன். விலை 9,000 யூரோ. 1770இல் பாரிஸில் செய்தது என்கிறார் கடைக்காரர். விளிம்பில் குட்டியாக ஆந்தை முத்திரை இருக்கிறது. அது பிரெஞ்சு அரசே தந்த அத்தாட்சியாம். நம்பி வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஆந்தை முத்திரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது 1893இல்தான் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த, அல்லது எங்கே செய்தது என்று தெரியாத தங்கச் சாமான்களில் குத்துவார்கள். குறைந்தது 18 காரட் தங்கம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதைப் பற்றி அரசுக்குக் கவலையில்லை. தங்கம் தங்கம்தான் என்று ஒரு குத்து குத்திவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. தரகர்கள் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான்.

அதற்காக ஆந்தையைப் பார்த்ததுமே போலி என்று ஓடிவிடவும் வேண்டாம். அந்தக் காலத்துப் பாரிஸ் டப்பிகள் ரஷ்யாவுக்கும் இங்கிலாந்துக்கும் நிறையப் போயின. அப்படிப் போன ஒன்று 1893க்குப் பிறகு ஏலத்துக்கென்று பாரிஸுக்கே திரும்பி வந்தால், பிறந்த ஊரிலேயே அதற்கு ஆந்தை விழும். அசல் பாரிஸ் சாமானிலும் ஆந்தையைப் பார்க்க முடிவது இதனால்தான். அப்போது பழைய முத்திரைகளும் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பழைய முத்திரை எது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தட்டார் முத்திரையில் கிரீடம் வைத்த லில்லிப் பூ, இரண்டு புள்ளி, அவர் பெயரின் முதலெழுத்துகள், ஒரு சின்னம் இருக்கும். தட்டார் சங்கத்தின் கிரீட எழுத்து தனி. அது வருடா வருடம் மாறும். அரசுக்காக வரி வசூலிக்கும் வரிக் குத்தகைக்காரர் வேலையின் தொடக்கத்தில் ஒன்று குத்துவார், வரி கட்டி முடித்ததும் பொடிசாக இன்னொன்று. இந்தக் கடைசிக் குத்தைத் தவிர மற்றவற்றை மூடி, பக்கச் சுவர், அடி மூன்றிலும் தேடுங்கள்.

லில்லிப் பூவும் புள்ளிகளும் இல்லாமல், கிரீடம் போட்ட எழுத்து மட்டும் மிடுக்காக நின்றால் எனக்கு ஜெர்மனியின் ஹானாவ்தான் முதலில் ஞாபகம் வரும். பிரான்ஸிலிருந்து அடைக்கலம் தேடிப் போன புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் வழிவந்த தட்டார்கள் அங்கே உண்டு. தூசேன் சகோதரர்கள் போன்றவர்கள் பாரிஸ் முத்திரையைப் பார்த்தே தங்கள் முத்திரையை வைத்துக்கொண்டார்கள். பெயர் பிரெஞ்சு, ஊர் ஜெர்மனி. வேலையில் குறை சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பாரிஸ் விலை கொடுக்கக் கூடாது. எனாமல் ஓவியத்தின் மேல் கண்ணாடி ஊற்றியதுபோல வழவழவென்று ஒரு தெளிந்த பூச்சு தெரிந்தால் அப்புறம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் செய்ததோ என்று நினைக்க வேண்டும்.

இனி எனாமல். அது கண்ணாடி; உடைந்ததைச் சரியாக்க மறுபடி உலையில் வைப்பது பெரிய ஆபத்து. அதனால் வண்ணம் கலந்த பிசினால் ஒப்பேற்றிவிடுவார்கள். 'ஒரு கீறல்கூட இல்லை' என்று ஒரு தரகர் என் கையில் திணித்த டப்பியை இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். கீல் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பிசின் பால் நிறத்தில் ஒளிர்ந்தது. அவர் கையில் சான்றிதழும் இருந்தது! பணம் கொடுத்தால் சான்றிதழுக்கா பஞ்சம்?

நம்மவர் நகைக்கடையில் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்றும் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பாரிஸ் டப்பி சுமார் 20 காரட்தான். நம் 916 கணக்கில் 'மட்டம்' என்று சொல்லிவிடுவார்கள், கீறல்தான் மிச்சம்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். வாங்குபவர் கேட்டால் பொருளின் தன்மை, எதனால் ஆனது, எங்கே செய்தது, எவ்வளவு பழையது என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட பிரெஞ்சு அரசாணை சொல்கிறது. 'பாரிஸ், 1770' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரா பாருங்கள். 'பதினைந்தாம் லூயி பாணி' என்று எழுதினால், அந்தப் 'பாணி' எந்தக் காலத்துக்கும் உத்தரவாதம் இல்லை. பர்ஸை எடுக்காமல் வந்துவிடுங்கள்.