ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலை எப்படிக் கெடுக்கிறது?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும்தான் ஆபத்து மிக அதிகம். பறக்கும் இழைகள் கண்ணுக்கே தெரியாது. மூச்சோடு காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே காவல் காக்கும் மேக்ரோபேஜ் செல் அவற்றை விழுங்கப் பார்க்கும். செல்லின் அகலம் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இழை அதைவிட நீளமாக இருந்தால் பாதி உள்ளே, பாதி வெளியே என்று சிக்கிக்கொள்ளும். செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், அந்தச் செல் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கொட்டும்; இந்தப் போராட்டம் அங்கே ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பக்கத்துச் செல்களின் டி.என்.ஏ. சிதைகிறது. தழும்புத் திசு படர்ந்து நுரையீரல் விறைத்தால் அது ஆஸ்பெஸ்டாசிஸ். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். பழைய கூரையைப் பிரிப்பவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: முதலில் நன்றாக நனைக்க வேண்டும், துணி முகமூடி இந்த இழைகளைத் தடுக்காது.