உடைந்த எலும்பு கூடும்வரை தாங்கி நிற்க, மக்னீசியத்தில் நுண்துளை எலும்புத் தாங்கி செய்கிறோம். துளை விழுவதற்காக உள்ளே வைத்த உப்பைக் கழுவும்போது உலோகமும் சேர்ந்து கரைகிறது. என்ன செய்வது?

வெறும் தண்ணீரில் கழுவாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, கார அளவைக் காட்டும் பி.எச். 12க்குக் குறையாமல் வைத்துக் கழுவுங்கள்.

மக்னீசியம் தண்ணீர் பட்டதும் ஹைட்ராக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், ஆனால் குளோரைடு அந்தப் படலத்தை அரித்துவிடும். நீங்கள் கழுவும்போது ஒவ்வொரு துளைக்குள்ளும் இருப்பது கெட்டியான உப்புத் தண்ணீர். உலோகம் எப்படித் தாங்கும்? காரம் போதுமான அளவு இருந்தால் படலம் நிலைக்கும். கரைசலை அடிக்கடி மாற்றுங்கள். கடைசியில் எத்தனாலில் அலசி, வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள்.

உப்பு முழுசாகப் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து, முதலில் நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்குங்கள். அப்புறம் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட். தயிர் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு இன்னும் வருகிறது என்று அர்த்தம். அமிலம் விடாமல் நேரே சோதித்தால் காரத்தால் பழுப்பாகப் படிந்து குழப்பிவிடும்.

எவ்வளவு கழுவியும் திரண்டுகொண்டே இருந்தால் கோளாறு அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. உப்புப் பரல்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டியிருந்தால்தான் துளைகளுக்கு நடுவே வழி இருக்கும். சல்லடையில் ஒரே அளவாகச் சலித்து, அழுத்தி, உப்பு உருகும் 801 டிகிரிக்குக் கீழே சூடாக்கி ஒட்டவையுங்கள். மக்னீசியம் 650லேயே உருகிவிடுவதால், ஆர்கான் அழுத்தத்தில் உப்புக் கட்டிக்குள் அதைப் புகுத்தலாம், உப்பு அப்படியே நிற்கும். தனியாக மாட்டிக்கொண்ட பரலை எந்தக் கரைசலாலும் வெளியே எடுக்க முடியாது.

நான் வேதாரண்யத்துக்காரன், உப்பளம் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் இந்த வேலைக்கு எங்கள் ஊர் உப்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும், அதனால்தான் ஐப்பசி மழையில் மூட்டை கசிகிறது. அந்த ஈரம் உருகிய மக்னீசியத்தைத் தொட்டால் ஆபத்து. சுத்திகரித்த ஆய்வக உப்பை உலர்த்திப் பயன்படுத்துங்கள். பாத்தியில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் இதே மக்னீசியம் குளோரைடுதான். அதைப் பிரித்து, நீர் நீக்கி, உருக்கி மின்பகுப்புச் செய்தால் மக்னீசியம் உலோகமே கிடைக்கும். டெல்டாவின் ஓரத்தில் தேங்கிக் கிடக்கும் அந்த நீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

இன்னொன்று, இரும்பு கலக்க விடாதீர்கள். கிராஃபைட் மூசையில் உருக்குங்கள். 1907இல் பெல்ஜிய அறுவை மருத்துவர் லம்போட் உடைந்த காலில் மக்னீசியத் தகட்டை வைத்து, பொன்முலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு சேர்ந்துவிட்டது. வேறு உலோகம் பக்கத்தில் இருந்தால் மக்னீசியம் அவ்வளவு வேகமாக அரிபட்டுப்போகும். ஒரு கிராம் முழுக்கக் கரைந்தால் சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். துளைகள் நிறைந்த தாங்கியில் பரப்பு அதிகம் என்பதால் அரிப்பும் வேகமாக நடக்கும். எலும்பு கூடும் சில மாதங்களாவது அது நிற்க வேண்டும். ஆகவே கால்சியம் பாஸ்பேட் பூச்சு கொடுத்து, 37 டிகிரியில் உடல்திரவம் போன்ற கரைசலில் அமிழ்த்தி, வரும் வாயுவை அளந்து பாருங்கள். புராஜெக்டில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இந்த அளவீட்டுக்குத்தான்.

உலை பக்கத்தில் உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் இல்லாமல் தொடங்காதீர்கள். எரியும் மக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது.