நவீனக் கால்பந்தில் மிக அற்புதமான கோல்கள் எவை?

1997-ல் பிரான்சுக்கு எதிராக பிரேசில் வீரர் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக்கைத்தான் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை) பலரும் முதலில் சொல்வார்கள். ஏறக்குறைய 35 மீட்டர் தூரம். பந்து, எதிரணி வீரர்கள் வரிசையாக நின்ற தடுப்புச் சுவருக்கு வலப்பக்கம் வெகுவாக விலகிப் போக, கோலுக்குத் தள்ளி நின்ற பந்து பொறுக்கும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம்தான் அது இடப்பக்கம் வளைந்து, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. இடது காலின் வெளிப்புறத்தால் உதைத்ததில் கிடைத்த சுழற்சிதான் காரணம்: சுழலும் பந்தின் ஒரு பக்கம் காற்றழுத்தம் குறையும், பந்து அந்தப் பக்கமே திரும்பும். கோல்கீப்பர் பார்தெஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

2002 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பிரான்ஸ் வீரர் ஜிடான் இடது காலால் அடித்த வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிக்கும் உதை) இந்த வரிசையில் நிச்சயம் உண்டு.

ஆனால் என் தேர்வு நெதர்லாந்து வீரர் பெர்க்காம்ப் அடித்த கோல்தான். 1998 உலகக் கோப்பைக் காலிறுதி, மார்செய் நகரம், எதிரணி அர்ஜென்டினா, ஆட்டம் 1-1, முடியும் தறுவாய். சக வீரர் ஃபிராங்க் டி போயர் தன் பாதியிலிருந்து நீளமாக அனுப்பிய பந்தை, பெர்க்காம்ப் ஓடிக்கொண்டே காற்றில் காலை நீட்டி அப்படியே அடக்கினார். இரண்டாவது தொடுதலில் அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர் அயாலாவைக் கடந்தார். மூன்றாவது, வலது காலின் வெளிப்புறத்தால் கோல். மூன்றும் ஒரே காலால்! அந்த முதல் தொடுதல் ஒன்றுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.