தொடை ஏறினால் இடுப்பு நிற்காது: ஜீன்ஸ் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: அக்கா, மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24. சின்ன வயதிலிருந்தே ஃபுட்போல், இப்போது மூன்று வருடமாக ஜிம்மும் சேர்ந்துவிட்டது. இடுப்பு 30 அங்குலம், தொடை 24 அங்குலம். 30 சைஸ் ஜீன்ஸ் தொடையைத் தாண்டாது. 34 போட்டால் எப்படியோ ஏறுகிறது, ஆனால் இடுப்பில் இரண்டு கையும் உள்ளே போகும். பெல்ட்டை இறுக்கினால் பின்பக்கம் சாக்கு மூட்டையின் வாயைக் கட்டியது மாதிரி சுருங்குகிறது. ஹட்டன் டவுனில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியாக வாங்கியது நாலே மாதத்தில் உள்தொடையில் கிழிந்துவிட்டது. அடுத்த மாதம் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குள் ஒரு நல்ல ஜீன்ஸ் கிடைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, கல்யாணத்துக்கு வேட்டி கட்டுங்கள். பெண்ணுக்குத் தம்பி நீங்கள், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்ப்பார்கள். எந்தத் தொடைக்கும் எந்த இடுப்புக்கும் அளவு கேட்காத உடுப்பு அது ஒன்றுதான். மறுநாள் போட ஜீன்ஸ் வேண்டுமே, அதைப் பேசுவோம்.

நீங்கள் எழுதிய மூன்று குறையும் ஒரே குறைதான். 30 ஏறாததும், 34 இடுப்பில் நிற்காததும், நாலு மாதத்தில் கிழிந்ததும் ஒரே கணக்கில் வருகின்றன. நான் ஏழு வருடம் கட்டுநாயக்காவில் ஒரு கார்மென்டில் குவாலிட்டி பிரிவில் நின்றவள். அங்கே ஒரு ஜீன்ஸின் அளவுத் தாளைப் பார்த்தால் இது விளங்கும். 30 சைஸிலிருந்து 31க்குப் போகும்போது இடுப்பில் ஓர் அங்குலம் கூட்டுவார்கள். தொடைச் சுற்றில் கூட்டுவது ஏறக்குறைய அரை அங்குலம்தான். இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 சைஸ் ஸ்லிம் ஃபிட்டில் தொடைச் சுற்று 22 அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். 34க்குப் போனால் இடுப்பில் நாலு அங்குலம் கூடும், தொடையில் இரண்டுதான். ஆக, 24. உங்கள் தொடையும் 24. மூச்சுவிட இடமில்லை. இழுபடும் துணி என்பதால் ஏறிவிட்டது, அவ்வளவுதான். நடக்கும்போதெல்லாம் தையலும் துணியும் இழுபட்டு, உள்தொடை இரண்டும் உரசி, மெலிந்து கிழிந்தது. அதே ஸ்லிம் ஃபிட்டில் உங்கள் தொடைக்கு வசதியான 26 அங்குலம் வேண்டுமென்றால் 38 சைஸ் வாங்க வேண்டும். அதில் நீங்களும் உங்கள் மச்சானும் சேர்ந்து போகலாம்.

அதனால் சைஸை ஏற்றிக்கொண்டு போவதை விடுங்கள். வெட்டை மாற்றுங்கள். லேபிளில் அத்லெட்டிக், அத்லெட்டிக் டேப்பர், ரிலாக்ஸ்ட் டேப்பர் என்று இருப்பதைத் தேடுங்கள். இந்த வெட்டுகளில் சீட் என்கிற பின்பக்கமும் தொடையும் தாராளமாக இருக்கும், முழங்காலுக்குக் கீழே ஒடுங்கி வரும். லீவைஸில் 541 என்ற எண் இந்த வகைதான். வேறு கம்பனிகளும் இதே பெயரில் தைக்கின்றன. வெறும் டேப்பர் என்று மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். கீழே ஒடுங்கும் என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது, தொடையில் இடம் உண்டா என்று சொல்லாது. ஸ்ட்ரெய்ட் வெட்டும் உங்களுக்குப் பரவாயில்லை. உங்களுக்குக் கெண்டைக்காலும் பருமனாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஃபுட்போல் கால் அல்லவா. ஸ்கின்னி பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

ஒரு சின்ன வேடிக்கை. ஜீன்ஸ் பிறந்ததே உழைக்கிற காலுக்குத்தான். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு டெய்லர் இருந்தார். கூலி வேலை செய்பவர்களின் காற்சட்டைப் பொக்கெட் ஓயாமல் கிழிகிறதே என்று மூலைகளில் செப்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20ஆம் திகதி அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். அந்தக் காற்சட்டை காலோடு ஒட்டாத தாராளமான வெட்டு. இன்று மலை ஏறி இறங்குகிற உங்கள் காலுக்குக் கடையில் இடமில்லை என்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது.

சரி, கடைக்குப் போகும்போது கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். லேபிளில் உள்ள எண்ணை நம்பி வாங்கக் கூடாது. 32 என்று எழுதிய ஜீன்ஸின் இடுப்பை அளந்தால் 33, 34 கூட வரும். வாங்குபவர் தன்னை ஒல்லி என்று நினைத்துச் சந்தோஷப்படட்டும் என்று கம்பனிகள் செய்கிற தந்திரம். அது போக, தையலில் அரை அங்குலம் அப்படி இப்படி இருந்தாலும் குவாலிட்டியில் பாஸ் போடுவோம். ஒரே சைஸ், ஒரே நிறம், ஒரே கம்பனி என்று இரண்டை எடுத்தாலும் ஓர் அங்குலம் வரை வித்தியாசம் வரலாம். பிடித்த ஜீன்ஸில் மூன்று நாலு பீஸ் இருந்தால் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கடைப் பையன் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

அளப்பது லேசு. ஜீன்ஸை மேசையில் தட்டையாக விரியுங்கள். இரண்டு காலும் சேரும் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே, ஒரு காலின் குறுக்கே நாடாவை வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். இழுபடும் துணியானால் உங்கள் தொடையை விட ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கூட இருந்தால் போதும். இழுபடாத முழுப் பருத்தித் துணி என்றால் இரண்டு, இரண்டரை வேண்டும். ஆக, உங்களுக்கு 25க்குக் குறைந்து எதையும் ஃபிட்ஒன் ரூமுக்குள் கொண்டு போகவே வேண்டாம். நேரம் மிச்சம்.

போட்ட பிறகு கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு வரக் கூடாது. குந்துங்கள். பஸ் ஃபுட்போர்டில் ஏறுவது போல ஒரு முழங்காலை இடுப்பு வரை தூக்குங்கள். நம் ஊர்ப் பாதையில் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலைதானே. தொடையின் முன்பக்கம் குறுக்குக் குறுக்காகக் கோடு விழுந்தால் இறுக்கம். குந்தும்போது பின்பக்கப் பட்டி கீழே சறுக்கினால் பின்னுயரம் போதாது. ரைஸ் என்பார்களே, கால் சேரும் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம், அதைச் சொல்கிறேன். தொடையும் சீட்டும் பருமனானவர்களுக்கு லோ ரைஸ் ஒத்துவராது. மிட் ரைஸ் எடுங்கள்.

துணி விஷயத்தில், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். பருத்தி 98, எலாஸ்டேன் 2 என்று இருந்தால் உங்களுக்கு அருமையானது. ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்று போட்டிருந்தாலும் அதே சாமான்தான். அது 4, 5 என்று ஏறினால் கடையில் பஞ்சு மாதிரி சுகமாக இருக்கும், சில மாதத்தில் முழங்காலில் பை விழும். ஒன்றை மறக்காதீர்கள்: எலாஸ்டேனுக்குச் சூடு எதிரி. மழைக்காலத்தில் ஜீன்ஸ் காயவே காயாது என்று அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடுகிறோமே, அங்கேதான் பாதி ஜீன்ஸின் உயிர் போகிறது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்றுப் படும் இடத்தில் போடுங்கள். இரண்டு நாள் பிடித்தாலும் பரவாயில்லை. குளோரின் ப்ளீச்சும் வேண்டாம்.

இப்போது இடுப்பு. எந்த டெய்லராலும் இடுப்பைச் சிறிதாக்க முடியும். தொடையைப் பெரிதாக்க யாராலும் முடியாது, அதற்கு உள்ளே மிச்சத் துணி விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே தொடைக்குப் பொருந்துவதை வாங்கி, இடுப்பை டெய்லரிடம் விடுங்கள். அத்லெட்டிக் வெட்டில் 31 அல்லது 32 உங்களுக்குச் சரியாக வரும். கழிக்க வேண்டியது ஒன்றரை, இரண்டு அங்குலம்தான்.

டெய்லரிடம் சொல்லும் விதம் முக்கியம். “இடுப்பைப் பிடித்துவிடுங்கள்” என்று மட்டும் சொன்னால் சிலர் பட்டியில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்துத் தந்துவிடுவார்கள். உட்காரும்போது முதுகில் குத்தும். பின் நடுவில் உள்ள பெல்ட் லூப்பைக் கழற்றி, பட்டியைப் பிரித்து, சீட்டின் நடுத்தையலையும் கீழே வரை பிரித்து, சரிவாக உள்ளே எடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். இப்படி ஒன்றரை அங்குலம் வரை எடுத்தால் வெளியே தெரியாது. இரண்டுக்கு மேல் போனால் பின் பொக்கெட் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றையொன்று முத்தமிடும். அப்போது மிச்சத்தைப் பக்கத் தையல்களில் எடுக்கச் சொல்லலாம், வேலை கூட, கூலியும் கூட. கூலியை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஜீன்ஸின் மேல்தையல் நூல் தடிப்பானது, தேன் நிறமானது. அதே நூல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளை நூலால் தைத்துத் தந்த கதையெல்லாம் எனக்கு உண்டு. வீட்டு மெசினில் நீங்களே முயற்சி செய்தால் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். சாதாரண ஊசி பட்டியில் பட்டவுடன் முறிந்து தெறிக்கும்.

டெய்லரிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை கழுவிக் காயப் போடுங்கள். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும், குறிப்பாக நீளத்தில். 3 வீதம் சுருங்கினாலும் 30 அங்குலக் காலில் ஓர் அங்குலத்துக்குக் கிட்டப் போய்விடும். அடியை வெட்டி மடித்த பிறகு சுருங்கினால் கணுக்கால் தெரியும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருப்பதால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

கிழிந்த பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். உள்தொடையில் உள்பக்கமாக மெல்லிய டெனிம் துண்டு வைத்து, நெருக்கமாக மேலும் கீழும் தையல் ஓட்டினால் வேலைக்குப் போட இன்னும் ஒரு வருடம் வரும். புதிதிலும் உள்தொடை நூல் வெளுக்கத் தொடங்கும்போதே இதைச் செய்யுங்கள், ஓட்டை விழுந்த பிறகு தைத்தால் பாதிப் பலன்தான்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றும் அமையாவிட்டால் துணி எடுத்துத் தைத்துப் போடுங்கள். 58 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீற்றர் போதும். பிள்ளைகளுக்கு ஸ்கூல் லோங்ஸ் தைக்கிற டெய்லர் எல்லாருக்கும் ஜீன்ஸ் கைவராது. அவர் முன்பு தைத்த ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். வலைப்பந்து ஆடி ஆடித் தொடை பருத்துவிட்டது, இடுப்பு ஒடுக்கம். எந்த ஜீன்ஸ் போட்டாலும் முன்னால் சரி, பின்னால் பட்டி வாய் பிளக்கிறது. பஸ்ஸில் உட்காரும்போது டீ-ஷர்ட்டை இழுத்து இழுத்துக் கை நோகிறது.

பதில்: டீச்சர், மேலே தம்பிக்குச் சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். உங்களுக்குக் கூடுதலாகப் பார்க்க வேண்டியது பட்டியின் வளைவு. ஜீன்ஸை மேசையில் வைத்து இடுப்புப் பட்டியைப் பாருங்கள். அடிமட்டம் போல நேராக இருந்தால் அது உங்கள் முதுகில் ஒட்டாது. வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் ஒட்டும். அடுத்து, பட்டிக்குக் கீழே பின்பக்கம் வி எழுத்துப் போல ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்களே, யோக், அந்த வி ஆழமாக இருந்தால் சீட்டின் வளைவுக்கு இடம் கொடுக்கும். கேர்வி என்று லேபிள் உள்ளவை இந்தக் கணக்கில் வெட்டியவைதான்.

ஏற்கெனவே வாங்கியதைச் சரிசெய்ய எலாஸ்டிக் நல்லது. பட்டியின் உள்பக்கம், இரண்டு பக்கத் தையலுக்கும் அருகில் சின்னதாகக் கீறி, ஓர் அங்குல எலாஸ்டிக்கைப் பின்பக்கம் மட்டும் உள்ளே ஓட்டி, இழுத்து, இரு முனையையும் தைத்துவிடுங்கள். குழந்தைகளின் காற்சட்டை மாதிரி தெரியுமோ என்று யோசிப்பீர்கள். மேலே டீ-ஷர்ட் விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஊசி போலக் குத்தி மாட்டுகிற பட்டன் ஒன்று இப்போது ஒன்லைனில் விற்கிறார்கள், இடுப்பை ஒரு நிமிடத்தில் குறைக்கும் என்று. ஒரு நாள் அவசரத்துக்குச் சரி. தினமும் போட்டால் துணியில் ஓட்டை விழும்.

கேள்வி: நுவரெலியா பேல் பஜாரில் ஒரு கடையில் ஜீன்ஸ் வாங்கினேன். புதுசு என்று சொல்லித்தான் தந்தார்கள். ஒரே கழுவலில் பக்கத் தையல் விட்டுப்போனது. கொண்டுபோனால் “விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது” என்ற போர்டைக் காட்டுகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: வாங்கின பிறகு அளவு சரிவரவில்லை என்றால் மாற்றித் தருவது கடைக்காரரின் மனசு. தையல் விட்டுப்போனது வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சொல்லியோ சொல்லாமலோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அதற்கு முன்னால் இன்னொரு தடவை கடைக்குப் போய், முதலாளியே இருக்கும் நேரமாகப் பார்த்து, நிதானமாகப் பேசிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும், பையன்களுக்குத்தான் மாற்றித் தர அதிகாரம் இருக்காது.

பில் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. கேட்டால் தரக் கடைக்காரர் கடமைப்பட்டவர். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியது, என்று கூவி விற்கும் இடங்களில் பலரும் கேட்பதில்லை. அங்கே வரும் ஜீன்ஸில் சின்னக் குறையால் கழித்த பீஸும் கலந்திருக்கும், லேபிளும் வெட்டியிருக்கும். வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு தையலையும் இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். இப்போதைய பில்லுகளில் எழுத்து சில மாதத்திலேயே மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகிறது. கடை வாசலிலேயே ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.